பட்டாளத்து லாரியா, கரி பஸ்ஸா

யுத்த காலத்தில் நான் பூந்தமல்லியில் பஸ் டிரைவராக இருந்தேன். பட்டணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஓடிய தனியார் வண்டி அது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு முதலாளி அதன் பின்பக்கத்தில் ஆள் உயர இரும்பு அடுப்பு ஒன்றைப் பொருத்திவிட்டார். அதில் கரியைக் கொட்டி மூட்டி, பக்கத்தில் இருக்கும் ஊதுசக்கரத்தைக் கையால் சுற்றிக் காற்று ஊத வேண்டும். அதிலிருந்து கிளம்பும் வாயுவில்தான் இஞ்சின் ஓடும். கரி பஸ் என்று ஊரில் பெயர். விடியற்காலையில் கண்டக்டரும் நானும் மாற்றி மாற்றிச் சுற்றினால், வெளிச்சம் வரும் நேரத்துக்கு வண்டிக்கு உயிர் வரும். மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். பிரயாணிகளைத்தான் இறங்கித் தள்ளச் சொல்லிக் கும்பிடுவோம். மாலையில் வீட்டுக்குப் போகும்போது என் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே வெள்ளையாக இருக்கும்.

வீடு கரையான்சாவடியில் இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் எனக்குக் காஞ்சிபுரத்தில் ராத்தங்கல். என் மனைவி சுற்றுவட்டாரத்து மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறிக்கப் போவாள். அவள் பறித்த பூவே பல நாள் என் வண்டியின் கூரைமேல் கூடையில் உட்கார்ந்து பட்டணத்துக்கு வரும்.

எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனபோது நான் காஞ்சிபுரத்தில் இருந்தேன். வண்டி மறுநாளும் கிளம்பவில்லை. அக்கம்பக்கத்தார் அவளை மாட்டுவண்டியில் ஏற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் கட்டிலோரம் நின்றுகொண்டேயிருந்தேன். வெகுநேரம் கழித்துத் திரும்பினாள்.

"டாக்டரம்மா சொன்னாங்க மாமா. ரெண்டு வருசம் போவட்டுமாம். ஒடம்பு தேறினாதான் அடுத்த கொயந்த தங்குமாம்" என்றாள்.

டாக்டரம்மா சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு கடினம் என்று இன்றைக்குச் சொன்னால் புரியாது. கல்யாணமான பெண் வயிறு திறக்கவில்லையென்றால் ஊரே கணக்குக் கேட்கும். என் பெரியம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்து, எனக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று அவள் காதுபடவே ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"வெதைக்கிற நெலத்தக்கூட ஒரு பட்டம் சும்மா போட்டு வெக்கிறீங்க இல்ல? அப்போ நெலம் தரிசாப் போச்சின்னு வேற நெலமா வாங்கறீங்க? நான் மட்டும் இன்னா பண்ணேன்?"

பெரியம்மாவுக்குப் பயிர்த்தொழில் தெரியும். மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். அதற்குப் பின்னால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவேயில்லை.

கெடு முடிந்ததையும் அவள்தான் சொன்னாள். நான் கிணற்றடியில் கரி போகத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தேன். முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ரெண்டு வருசம் ஆயிடுச்சி மாமா. எனக்கு இப்ப பயமில்ல. ஆனா ஒண்ணு. இந்தத் தபா நீ ராவுக்கு ஊட்ல இருக்கணும். அத்த மட்டும் நீ பாத்துக்கோ. மீதியெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். காஞ்சிபுரம் வண்டியை ஓட்டிக்கொண்டு அதை எப்படிச் செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சான் வந்தான். அவளுடைய அண்ணன். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்குப் பெரிய டிப்போ எழும்பிக்கொண்டிருந்த நேரம். வயலாகவும் பொட்டலாகவும் கிடந்த இடமெல்லாம் முள்கம்பி வேலிக்குள் போய், ரயிலில் சாமான் வந்து இறங்கியபடி இருந்தது. மச்சான் அங்கே லாரி டிரைவராகச் சேர்ந்திருந்தான். காக்கிச் சட்டையும் பூட்ஸுமாக வாசலில் வந்து நின்று சிரித்தான்.

"இன்னா மாப்ளே, இன்னும் கரி வாரிக்கினே கீறியா? அங்க வந்து பாரு. பட்டன அமுக்குனா வண்டி பொறப்படுது. பெட்ரோலு மாப்ளே, பெட்ரோலு! அரிசி தராங்க, சக்கர தராங்க, மண்ணெண்ண தராங்க, துணி தராங்க. டிரைவருங்க பத்தலன்னு தொரை தலையப் பிச்சிக்கினு கீறாரு."

அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. நான் அவளைப் பார்த்தேன். அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராவுக்கு ஊட்டுக்கு வந்துடலாமா அண்ணாத்தே?"

"இப்போதிக்கு வரலாம்."

"அப்பால?"

மச்சான் பொய் சொல்லத் தெரியாதவன். பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பட்டாளம்னா பட்டாளம்தானே. அசாம் பக்கம்லாம் அனுப்பப் போறாங்கன்னு பேச்சு கீது. நான் போறேன்னுதான் கையெய்த்துப் போட்டேன்."

அவன் போன பிறகு நான் மனசுக்குள் தராசு பிடித்துக்கொண்டு திரிந்தேன். பஸ்ஸில் இருந்தால் ஊரோடு இருக்கலாம். ஆனால் பாதி ராத்திரிகள் வீட்டில் இருக்க முடியாது. பட்டாளத்தில் சேர்ந்தால் வீட்டில் குறைவில்லை. பிள்ளை நல்ல சோறு தின்னும். ஆனால் அதன் அப்பன் எங்கே இருப்பான் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை வேண்டாம், யுத்தம் முடியட்டும் என்றும் ஒரு யோசனை வந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

"சண்ட முடிஞ்சா பஞ்சம் வரும். பஞ்சம் முடிஞ்சா வேற எதுனா வரும். எல்லாம் முடியட்டும்னா நம்ம ஊர்ல யாருமே பொறந்திருக்க மாட்டாங்க மாமா" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "கேள்விப்பட்ட பேச்ச வெச்சி முடிவு பண்ணவேணா. ஆவடிக்குப் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள்.

"ரெண்டு பேருமா?"

"கொயந்த ரெண்டு பேருக்கும்தானே?"

எனக்கு ஓய்வு கிடைத்த நாளில் கட்டுச்சோற்றோடு கிளம்பினோம். அப்போது பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு நேராக வண்டி கிடையாது. நடைதான். காடுவெட்டி தாண்டினால் கூவம் ஆறு. அங்கே தண்ணீர் தெளிவாக ஓடும்; தரைப்பாலத்தின் மேல் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு போனது. அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். பருத்திப்பட்டில்தான் அவள் தாய்வீடு. அந்தத் தெருவுக்குள் திரும்பாமல் ஏரிக்கரையோடு என்னை இழுத்துக்கொண்டு போனாள். "உள்ள போனா எங்கம்மா நூறு கேள்வி கேக்கும். மொதல்ல நம்ம கேள்விய முடிக்கலாம்."

டிப்போ வாசலுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் துரையும் பக்கத்தில் தமிழ் தெரிந்த கிளார்க்கும் இருந்தார்கள். என் முறை வந்ததும் ஒரு லாரியில் ஏறச் சொன்னார்கள்.

அந்த லாரியை என்னால் மறக்கவே முடியாது. பட்டனை அமுக்கியதும் இஞ்சின் உறுமியது. காலை லேசாக வைத்ததும் வண்டி முன்னால் பாய்ந்தது. கரி பஸ்ஸில் எத்தனையோ மாதமாக ஒரு கிழட்டு மாட்டைத் தட்டிக்கொடுத்து ஓட்டியவனுக்கு அது குதிரை. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். வரிசையாக நிறுத்திய பீப்பாய்களுக்கு நடுவே பின்னால் ஓட்டச் சொன்னார்கள். ஒன்றிலும் இடிக்காமல் கொண்டுபோய் நிறுத்தினேன். இறங்கிய பிறகும் அதன் கதவைத் தடவிக்கொண்டே நின்றேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

துரை என் தோளில் தட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். அப்போதுதான் அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். வரிசையில் இருந்த ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூடாரத்தில் பெண் என்று அவள் ஒருத்திதான்.

"தொரைகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று கிளார்க்கிடம் சொன்னாள். "எனக்குக் கொயந்த பொறக்கற நேரத்துல இவரு ஊட்ல இருப்பாரான்னு கேளுங்க."

கிளார்க் சிரித்துவிட்டு மொழிபெயர்த்தார். துரை அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"எந்த மாசம்னு கேக்கறாரு" என்றார் கிளார்க்.

"இன்னும் இல்ல. தொரை சொல்றத வெச்சித்தான்."

கூடாரம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாமா என்று இருந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்காக நின்றாள். சிரிப்பு தானாக அடங்கியது. துரை பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

கிளார்க் இப்போது சிரிக்காமல் சொன்னார்: "வண்டி போற இடத்துக்கு டிரைவரும் போகணுமாம். உன் புருஷன் நல்லா ஓட்டறான், அவன் வேணும்னு ஆசையாத்தான் இருக்குதாம். ஆனா வீட்ல இருப்பான்னு வாக்குக் குடுக்க முடியாதாம்மா. குடுத்தா அது பொய்யாயிடும்கறாரு."

அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். "ஆசை காட்டி ஏமாத்தாம சொன்னாரே, அது போதும்."

துரை எழுந்து நின்று தலையசைத்தார். யோசித்துவிட்டு அடுத்த வாரம் வரும்படி எனக்குச் சொன்னார்கள். அத்தனை பேருக்கு முன்னால் அவள் கேட்டதைக் கேட்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது. வேலைக்குப் போகிறவன் நான். ஆனால் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டவள் அவள்.

திரும்பும் வழியில் அவளே பேச்சை எடுத்தாள்.

"அந்த லாரி மேல உனக்கு ஆசை கீது இல்ல?"

"கீது."

"அத்த மறைக்காதே. உனக்கு ஸ்டீரிங் இல்லாம சோறு எறங்காது. அது எனக்குத் தெரியும். அதனாலதான் டிப்போவுக்குள்ள மூட்ட தூக்கற வேலை, சாமான் தொடைக்கற வேலையெல்லாம் கேக்கவே இல்ல."

ஏரிக்கரைக்கு வந்தபோது டிப்போவில் வேலை விட்டிருந்தார்கள். ஆட்கள் எங்களைத் தாண்டிக் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். பலர் செருப்பைக் கையில் பிடித்திருந்தார்கள். தூக்குச் சட்டியைத் தோளில் கோலில் மாட்டிக்கொண்டு ஒருவர் நொண்டி நொண்டி வந்தார். அவரிடம் அவள் பேச்சுக் கொடுத்தாள்.

"எந்த ஊரு நைனா?"

"மாங்காடும்மா."

"மாங்காட்டுலேருந்தா? தினத்துக்குமா நடக்கறீங்க?"

"இன்னா பண்றது? கோயி கூவறப்போ பொறப்படுவேன். போய் சேர்றதுக்குள்ள லேட்டாயிட்டா கேட்டுலியே திருப்பி அனுப்பிடுவான்."

அவர் முன்னால் போய்விட்டார். அவள் நின்றுவிட்டாள். அந்தச் சாலை முழுக்க ஆட்கள் போவதைப் பார்த்தபடியே நின்றாள்.

"மாமா, இவுங்கள்லாம் நடந்துகினு கீறாங்களே. இந்த ரோட்ல ஏன் ஒரு பஸ்ஸு இல்ல?"

"பெர்மிட் இல்ல."

"கேட்டாதானே குடுப்பான்? காலைல இவுங்கள இட்டுனு வந்து வுட்டுட்டு, சாயங்காலம் இட்டுனு போனா, ராவுக்கு ஊட்லதானே இருப்பே?"

நான் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றது. தினமும் பஸ் ஓட்டுகிறவன் நான். காலையிலிருந்து அதே சாலையில்தான் நானும் நடந்தேன். எனக்குச் சாலை தெரிந்தது, பள்ளம் தெரிந்தது, தரைப்பாலம் தெரிந்தது. சாலையில் போகிறவர்களை அவள்தான் பார்த்தாள்.

மறுநாள் முதலாளியிடம் போனேன். நான் பட்டாளத்துக்குப் போகப்போவதாக அவர் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே, "இன்னாய்யா, கணக்கு முடிக்க வந்தியா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "கூவத்துல தண்ணி வந்தா இன்னா பண்ணுவே? வண்டியத் தோள்மேல தூக்கினு போவியா?" என்றார். ஆனாலும் அன்று சாயங்காலமே குதிரைவண்டி வைத்துக்கொண்டு என்னோடு காடுவெட்டிக்கு வந்தார். தரைப்பாலத்தோரம் குடையை ஊன்றிக்கொண்டு, வரும் கூட்டத்தைக் கடைசி ஆள் போகும்வரை பார்த்தார். திரும்பி வந்து அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது, "பெர்மிட்டுக்கு எழுதிப் போடறேன். யாராவது பெரிய மனுஷன் ஒரு வார்த்த சொன்னா சீக்கிரம் வரும்" என்றார்.

எனக்குத் தெரிந்த பெரிய மனுஷன் ஒருவர்தான் இருந்தார். அடுத்த வாரம் கூடாரத்துக்குப் போய், வேலை வேண்டாம் என்று துரையிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு கிளார்க் மூலமாகப் பஸ் விஷயத்தைச் சொன்னேன். ஆட்கள் லேட்டாக வருவது அவருக்கும் தலைவலி போலிருக்கிறது. நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில் டிப்போவுக்கு இந்தப் பஸ் அவசியம் என்று டைப் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது, "இந்த யோசனை அந்த அம்மாவுடையதா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றேன். "நினைத்தேன்" என்றாராம்.

பெர்மிட் வந்தது. பூந்தமல்லி–ஆவடி என்று பலகை எழுதி மாட்டினோம். அதே கரி பஸ்தான், அதே சக்கரம், அதே புகை. காஞ்சிபுரம் ஓட்டத்தை விட வருமானம் கொஞ்சம் குறைவுதான். மச்சான் சொன்ன அரிசியும் சர்க்கரையும் எங்களுக்கு வரவில்லை. கேழ்வரகுக் களியில்தான் அந்த வருஷம் ஓடியது. ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் நான் என் வீட்டில் படுத்தேன்.

மச்சான் அசாமுக்குப் போனான். யுத்தம் முடிந்து நல்லபடியாகவே திரும்பினான். கையில் கடிகாரமும் நாலு பாஷையில் பேச்சும் சேர்ந்திருந்தன. சேர்த்த பணத்தில் நிலம் வாங்கினான். நான் எடுத்ததே சரியான முடிவு, அவன் எடுத்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அவனும் அப்படிச் சொன்னதில்லை. அவரவர் வீட்டுக்கு எது முக்கியமோ அதை அவரவர் எடுத்துக்கொண்டோம்.

அவள் வயிற்றில் குழந்தை தங்கியது. இந்தத் தடவை அவள் நடையே வேறு மாதிரி இருந்தது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்தவள் நடப்பதுபோல, அவசரமில்லாமல். ஏழாம் மாதம் வந்தபோது எனக்குத்தான் தூக்கம் போனது. ராத்திரியில் விழித்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "நான் நல்லாதான் கீறேன், படு மாமா" என்பாள், கண்ணைத் திறக்காமலே. ஏழு தாண்டியது, எட்டு தாண்டியது. பிரசவத்துக்குப் பருத்திப்பட்டுத் தாய்வீட்டுக்குப் போனாள். என் வண்டி காலையிலும் மாலையிலும் அந்த ஊரைத் தாண்டித்தான் போகும். இரண்டு வேளையும் ஏரிக்கரை நிறுத்தத்தில் வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் மாலை ஆவடியிலிருந்து வண்டி நிறைய ஆட்களோடு வந்துகொண்டிருந்தேன். நிறுத்தத்தில் அவளும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். அத்தையின் கையில் துணிமூட்டை. அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, நீ ஓட்டு. எல்லாரையும் அவுங்கவுங்க எடத்துல எறக்கி வுட்டுட்டு, அப்பால என்ன பூந்தமல்லி ஆஸ்பத்திரில வுட்டுடு. நேரம் கீது."

அத்தை வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். நேரம் இல்லை என்று அந்த அழுகை சொன்னது. பின்னால் இருந்த மாங்காட்டுக்காரர் எழுந்துவிட்டார். "டிரைவரே, எங்கியும் நிறுத்தாதே. நேரா வுடு!" வண்டி முழுக்க அதே குரல்.

தரைப்பாலத்தில் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. தாண்டிவிட்டேன். அக்கரை மேட்டில் இஞ்சின் இருமியது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் தடதடவென்று சத்தம். அத்தனை பேரும் குதித்து இறங்கிவிட்டார்கள். நாளெல்லாம் மூட்டை தூக்கிய ஆட்கள். தோளைக் கொடுத்து ஒரே தள்ளில் வண்டியை மேட்டின்மேல் ஏற்றினார்கள். ஓடிக்கொண்டே ஏறினார்கள். காடுவெட்டிக்காரர்கள் தங்கள் ஊரைத் தாண்டி வண்டி போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மெதுவா ஓட்டு, பள்ளம் பாத்து" என்றாள், புதிதாக ஸ்டீரிங் பிடித்தவனுக்குச் சொல்வதுபோல.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினோம். நர்ஸம்மா உள்ளே அழைத்துப் போனாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் குழந்தையின் அழுகை கேட்டது. வேப்பமரத்தடியில் நின்றிருந்த டிப்போ ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாசல்பக்கம் திரும்பினார்கள். நர்ஸம்மா வெளியே வந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள். மாங்காட்டுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து உதறிவிட்டு மறுபடி கட்டிக்கொண்டார். யாரோ என் முதுகில் ஓங்கித் தட்டினார்கள்.

என்னை உள்ளே விட்டார்கள். அவள் தலைமுடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் துணிக்குள் சிவப்பாகக் கைப்பிடி முகம். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள்தான் கேட்டாள்:

"அவுங்கள்லாம் ஊடு போய் சேந்தாங்களா?"

"இல்ல. வெளிய நிக்கறாங்க."

"இன்னும் நிக்கறாங்களா? காடுவெட்டி ஆளுங்கள்லாம் திரும்பி நடக்கணுமே! போ மாமா, இட்டுனு போய் வுட்டுட்டு வா. நாங்க ரெண்டு பேரும் எங்க போயிடப் போறோம்?"

நான் வெளியே வந்தேன். அடுப்பில் தணல் இறங்கியிருந்தது. நான் கேட்காமலே இரண்டு பேர் ஊதுசக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்கள். பொழுது இன்னும் முழுக்கச் சாயவில்லை. வழியில் இறங்க வேண்டியிருந்தவர்கள் ஏறியதும், பூந்தமல்லியிலிருந்து காடுவெட்டிப் பக்கமாக வண்டியைத் திருப்பினேன்.